ஹெரால்டுக்குக் கொட்டகை, பிக்கப்புக்குப் பனி

கொடைக்கானல் மலையில், பூம்பாறையில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதில் பாதி அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு, மீதி பூண்டுக்கு. தம்பியின் பொலிரோ பிக்கப்புக்கு அங்கே இடம் கிடையாது. மார்கழி, தையில் உறைபனி விழுகிற ராத்திரிகளிலும் அது தெருவில்தான் நிற்கும். விடிகாலையில் முன்கண்ணாடியில் படிந்திருக்கும் வெள்ளையைத் தம்பி ஒரு காலாவதியான ஏடிஎம் கார்டை வைத்துச் சுரண்டுவான். திண்ணையில் போர்வைக்குள் உட்கார்ந்து அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். "அது இரும்பு. அதுக்கென்ன குளிரு?" என்பார். அப்படியானால் ஹெரால்டு எதனால் ஆனது என்று அவரிடம் கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

இந்த வருஷம் ஹெரால்டின் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய சமயம். தம்பி ஒரு யோசனை சொன்னான். 2021இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது: பதிவாகி 50 வருஷம் தாண்டிய, உருமாற்றம் செய்யாத வண்டிகளை விண்டேஜ் வண்டி என்று தனியாகப் பதிந்துகொள்ளலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று இரண்டு எழுத்து வரும். 20,000 ரூபாய் கட்டினால் 10 வருஷத்துக்குக் கவலையில்லை. ஒரே ஒரு சங்கடம்: கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது மாதிரியான காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். மற்றபடி ஓட்டக் கூடாது.

அப்பா முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரு கல்யாண வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னா அதுக்குப் பேரு வண்டியா? மாலை போட்டு ஊதுபத்தி வெச்சிரு."

"நீங்க கடைசியா எப்பப்பா எடுத்தீங்க?" என்றான் தம்பி.

அதோடு பேச்சு நின்றது. ஒரு வாரம் இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். நான் ஹெரால்டில் ஓட்டக் கற்றவள், பிக்கப்பையும் வெறும் வண்டியாக இருக்கும்போது ஓட்டியிருக்கிறேன். அதனால் இரண்டைப் பற்றியும் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஹெரால்டைப் பார்த்திராதவர்களுக்கு: அது நம் சென்னை வண்டி. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்ததை, வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961லிருந்து இங்கே செய்தது. உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். கல்கத்தா அம்பாசிடருக்கும் பம்பாய் ஃபியட்டுக்கும் நடுவே நம்ம ஊர்ப் பிள்ளை. எங்களுடையது நாலு கதவு. அது அறுபதுகளின் கடைசியில் இந்தியாவுக்கென்றே செய்த மாடல், இங்கிலாந்தில் ஹெரால்டுக்குக் கடைசிவரை இரண்டு கதவுதான். அப்பா இதை 1979இல் பெருமாள்மலைப் பக்கம் ஒரு காபித் தோட்டக்காரரிடம் வாங்கினார். என்ன விலை என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு தொகை சொல்வார். கேட்கிற ஆளைப் பொறுத்து அது ஏறும், இறங்கும்.

அந்த வண்டியில் போனட் என்று தனியாக ஒன்று கிடையாது. மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்ந்து மூக்கு முழுதுமே முன்பக்கமாகக் கவிழும். வண்டி குப்புற விழுந்து கும்பிடுகிற மாதிரி இருக்கும். கவிழ்த்துவிட்டால் என்ஜின் நட்டநடுவில், இரண்டு பக்கமும் சக்கரம். ஒரு டயரில் அப்பா உட்கார்ந்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைத் திருகுவார், எதிர் டயரில் நான் டார்ச் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எட்டு வயதில் கண்டென்சர் எது, காயில் எது என்று எனக்குத் தெரியும். வாய்ப்பாடு அவ்வளவு தெரியாது.

மலைக்கு அது ஏற்ற வண்டி என்றால் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். முன்சக்கரம் இரண்டும் உடைந்து போனதோ என்று பயப்படும் அளவுக்கு மடங்கும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து நின்றாலும் உள்பக்க ஓரத்தை ஒட்டியே சுழன்று வந்துவிடும். பெருமாள்மலையிலிருந்து கும்பக்கரைப் பக்கம் இறங்குகிற அடுக்கம் ரோட்டை நினைக்கும்போதெல்லாம், ஹெரால்டுக்காகவே வெட்டிய ரோடு என்று தோன்றும்.

மற்றதெல்லாம் பாடுதான். 948 சிசி என்ஜின். முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது பல்சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போகவைக்கிற அமைப்பு, கிடையாது. அதனால், ஏற்றத்தில் முன்னால் போகிற லாரி திணறும்போது இரண்டாம் கியரில் இழுக்காமல் முதலுக்குப் போக வேண்டுமென்றால், வண்டியை நிறுத்தணும். இல்லையென்றால் கிளட்சை இரண்டு தடவை மிதித்து, நடுவில் ஆக்சிலேட்டரைக் கணக்காகத் தட்டிப் போடணும். கணக்குத் தப்பினால் பல் கடிக்கிற சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். செண்பகனூர் வளைவில் ஒருமுறை நான் அப்படிக் கடிக்கவிட்டபோது, டீக்கடையில் நின்றிருந்த ஆள் கண்ணாடி டம்ளரோடு திரும்பிப் பார்த்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டைவிட மோசம்.

பின்சக்கரங்கள் இன்னொரு கதை. நடுவில் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலிலிருந்து இரண்டு பக்கமும் அச்சு சிறகு மாதிரி தனித்தனியாக ஆடும். குறுக்குவாட்டில் ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். ஆள் அதிகம் ஏறினால் பின்சக்கரம் இரண்டும் தவளைக்கால் மாதிரி கீழே விரிந்து நிற்கும். ஆள் இல்லாமல் வளைவில் வேகமாக விட்டு, பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரம் உள்ளே மடங்கி, வால் நழுவப் பார்க்கும். அந்தக் காலத்து மெக்கானிக்குகளுக்கே இது பிடிக்கவில்லை. எழுபதுகளில் கம்பெனி அடுத்து விட்ட கசெல் காரில் இதைத் தூக்கிவிட்டுச் சாதாரண அச்சே போட்டது. அப்பா மட்டும் இன்றுவரை இதை வண்டியின் "நடை" என்பார்.

ஏற்றத்தில் கொதிக்கும். டம்டம் பாறைக்கு மேலே ஒரு தடவை, ஊத்து என்ற ஊரில் ஒரு தடவை நிறுத்துவது நியமம். மேலே போகப்போகக் காற்று மெலியும், கொடைக்கானல் உயரத்தில் அது சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீரும் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கார்புரேட்டருக்கு இந்தச் சங்கதியெல்லாம் தெரியாது. காற்றின் கனம் குறைந்ததைக் கவனிக்காமல் பெட்ரோலைத் தாராளமாக விட்டுக்கொண்டிருக்கும். பிளக் கறுத்துப்போகும், இழுவை செத்துப்போகும். வெயில் நாளில் என்ஜினுக்குப் பெட்ரோலை ஏற்றும் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். அதற்கு வைத்தியம் ஈரத்துணி. அம்மாவின் பழைய சேலைக் கிழிசல் ஒன்று எப்போதும் டிக்கியில் இருக்கும். என் சின்ன வயது நினைவுகளில் பாதி, ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அந்தச் சேலை காய்வதைப் பார்த்தது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய வண்டியை யாரும் கையாலேயே சரிசெய்துகொள்ளலாம் என்று பெருமை பேசுவார்கள். உண்மைதான். அடிக்கடி சரிசெய்ய வேண்டியிருந்தது என்பதும் அதே உண்மையின் மறுபக்கம்.

தம்பி பிக்கப்பை 2021இல் கடனில் வாங்கினான். 2523 சிசி, நாலு சிலிண்டர் டீசல், 1.7 டன் ஏற்றும் மாடல். அப்பா அதை "லாரி" என்பார், வசவு மாதிரி. முதல் வாரமே எனக்குப் பிடிபட்ட வித்தியாசம் ஒன்று உண்டு: மேலே வந்தாலும் அதன் மூச்சு குறைவதில்லை. டர்போ என்பது ஒரு காற்றாடி. புகைபோகிற வேகத்தில் சுற்றி, மெலிந்த காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. அடிவாரத்திலிருந்து பூம்பாறை வரை நிற்காமல் வருகிறான். ஊத்தில் நாங்கள் தண்ணீர் வாங்கி ஊற்றிய கடைக்காரர் முகம்கூட அவனுக்குத் தெரியாது.

இதில் எனக்கொன்றும் ஏக்கமில்லை. மழையில் நனைந்துகொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் காத்திருந்தவர்கள் யாரும் அதைத் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

குறை இல்லாமலில்லை. பிக்கப்பின் இரண்டு அச்சுக்கும் நடுவே மூன்றேகால் மீட்டர், ஹெரால்டுக்கு 2.3 மீட்டர் சொச்சம்தான். மன்னவனூர்ப் பக்கம் தோட்டத்து வளைவுகளில் ரிவர்ஸ் போடாமல் திரும்பாது, பின்னால் பள்ளம் இருக்கிற இடத்தில் ரிவர்ஸ் போடுவது என்ன சுகம் என்று மலைக்காரர்களுக்குத் தெரியும். இரண்டு வருஷம் முன்னால் கவுஞ்சி ரோட்டில் காரட் லோடோடு ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து இழுவை நின்றுபோனது. ஏதோ ஒரு சென்சார். கீழேயிருந்து ஒருவர் ஸ்கேனரோடு வரவேண்டியிருந்தது. அவர் வந்தது மறுநாள் சாயங்காலம். அவர் செய்த வேலை பத்து நிமிஷம். காரட்டுக்கு அன்றைக்குக் கிடைத்த விலையைத் தம்பி சொல்ல மாட்டான். ஹெரால்டென்றால் தீப்பொறிக்கான பாயிண்டைத் தேய்த்து, இடைவெளிக்குக் கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தைச் சொருகிப் பார்த்து, கிளப்பிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் ஹெரால்டில் காரட் எங்கே ஏற்றுவது?

ஒப்பிடவே முடியாத இடம் இதுதான். அப்பாவின் வண்டி சரக்குக்கானதல்ல. எங்கள் தெருவில் அப்போது இருந்த ஒரே கார். ராத்திரி யார் கதவைத் தட்டினாலும் எடுத்தாக வேண்டும். பிரசவ வலி, பாம்புக்கடி, பரீட்சைக்குப் பஸ்ஸை விட்ட பையன். ஒருமுறை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிவந்தார்கள். வத்தலக்குண்டு தாண்டும்போதே அவர் உயிர் போயிருந்தது. யாரும் அழாமல், அவரை நடுவில் உட்காரவைத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு பூம்பாறை வரை வந்தார்கள். அப்பா கண்ணாடியில் பின்னால் பார்க்காமலேயே அத்தனை வளைவும் ஏறினார். காசு வாங்கியதில்லை. வாங்க முடியாது, வாங்கினால் மறுநாள் மறுக்கலாம் என்றாகிவிடும். 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்ததும் கதவு தட்டுவது நின்றது. அதற்கப்புறம்தான் அப்பா ஹெரால்டுக்குப் போர்வை வாங்கினார்.

தம்பிக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று வாடகை. மாதம் பிறந்தால் தவணை. பூம்பாறையிலிருந்து வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு, திரும்பும்போது உரம், சிமெண்ட், கேஸ் சிலிண்டர். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது மேடையில் பேசுகிறவர்களுக்கு இனிக்கிற செய்தி. ஏற்றுகிறவனுக்கு மூட்டை அதே கனம்தான். அப்பா இந்த வாடகை ஓட்டத்தை மட்டமாகவே பேசிவந்தார். "ஏத்து, இறக்கு. இதுல ஓட்டுறதுக்கு என்ன இருக்கு?"

நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அதில் லோடோடு கீழே போனதில்லை. கண் பரிசோதனைக்கு மதுரைக்குப் போவதென்றால் பஸ்தான். போன மாசம் பஸ் வரவில்லை. ஹெரால்டுக்கு வீல் சிலிண்டர் கசிந்து பிரேக் இல்லை. தம்பி 32 மூட்டை பூண்டு ஏற்றித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் அப்பா ஏறினார். கதவோரம் அவர், நடுவில் நான், கியர் மாற்றும்போதெல்லாம் என் முட்டியில் இடி. உள்ளே பூண்டு வாசனை கண்ணைக் கரிக்கும் அளவுக்கு.

எல்லோரும் வண்டியை ஏற்றத்தில்தான் மதிப்பிடுவார்கள். என்னைக் கேட்டால் இறக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மலையிலிருந்து கீழே கொண்டுவருகிற கனம் முழுக்கச் சூடாக மாறி எங்காவது போயாக வேண்டும். ஒன்று என்ஜினுக்கு, இல்லையென்றால் பிரேக்குக்கு. பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டிருந்தால் சக்கரத்தோடு சுற்றும் டிரம் சூட்டில் விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவைவிட்டு விலகும், பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்துக் குமிழி கட்டும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது அப்பா எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம். ஹெரால்டு இதற்கு நன்றாகவே கட்டுப்படும். பெட்ரோல் வண்டியில் காலை எடுத்தால் கார்புரேட்டரின் கதவு மூடி, என்ஜின் காற்றுக்குத் தவிக்கும், அந்தத் தவிப்புதான் வண்டியைப் பிடித்து இழுக்கும். டீசலுக்கு அந்த அளவு தவிப்பு கிடையாது. வண்டியும் சரக்குமாக மூன்று டன்னுக்கு மேல் பின்னாலிருந்து தள்ளும்போது, பிடிமானம் குறைவான என்ஜினை நம்பித்தான் இறங்க வேண்டும்.

கொடைக்கானல் தாண்டியதும் தம்பி இரண்டாம் கியருக்கு வந்தான். என்ஜின் ஓலமிட்டது. "டீசல் எவ்வளவு குடிக்கும் இப்படிப் போனா" என்றார் அப்பா.

"கியர்ல வெச்சுக்கிட்டே ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டா இதுல டீசலே போகாதுப்பா. கம்ப்யூட்டர் அடைச்சிரும். நியூட்ரல்ல விட்டாத்தான் குடிக்கும்."

அப்பா நம்பவில்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை. காலமெல்லாம் நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடித்த லாரிக்காரர்களை அவர் திட்டித் தீர்த்திருக்கிறார். அந்தத் திட்டுக்கு இப்படி ஒரு சாட்சி வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஊத்துக்கு மேலே பனிமூட்டம். முன்னால் சுற்றுலா வந்த கார்கள், பின்விளக்கு அணையாமல் சிவப்பாகவே போய்க்கொண்டிருந்தன. பிரேக் கருகுகிற வாடை எங்கள் பூண்டையும் மீறி வந்தது. ஒரு வெள்ளைக் கார் வளைவில் எங்களைத் தாண்டிப் போய், நேர் முன்னால் சட்டென்று பிரேக் போட்டது. குரங்கைப் படம் எடுக்க. தம்பி ஹாரன் அடிக்கவில்லை. காலை ஒரு தடவை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினான். பின்னால் மூட்டைகள் ஒருமுறை முனகி முன்னே நகர்ந்தது முதுகில் தெரிந்தது. கார் எங்கள் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

நான் கீழே பார்த்தேன். அப்பாவின் வலது கால் கீழே கிடந்த கால்மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பெடல் ஒன்றுமில்லை.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "எத்தனை மூட்டை?"

"முப்பத்திரண்டு. அம்பது கிலோ."

அவர் உதடு அசைந்தது. கணக்கு. டம்டம் பாறை வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு ஹெரால்டை முதுகுல தூக்கிட்டு இறங்குற."

தம்பி பதில் சொல்லவில்லை. எதிரே ஏறி வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்று வழிவிட்டான். அதுவும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

காமக்காபட்டியில் டீக்கு நிறுத்தினோம். ஹெரால்டில் வந்த காலத்தில் இந்த இடத்தில் அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. டீ சொல்வதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி வந்து, நாலு சக்கரத்திலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி. எந்தச் சக்கரம் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதோ அங்கே ஷூ ஒட்டுகிறது என்று அர்த்தம்.

பிக்கப்பிலிருந்து இறங்கியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக முன்சக்கரத்துக்குப் போனார். பிறகு பின்னால். இடது பின்சக்கரத்தருகே குனிந்தவர் வெடுக்கென்று கையை எடுத்தார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"இது ஒட்டுது. சந்தையில இறக்கினதும் கழட்டிப் பாரு. சரக்கோட ஜாக்கி போடாத."

தம்பியும் வந்து புறங்கையை வைத்தான். "ஆமாப்பா."

டீ வந்தது. அப்பா கேபினில் ஏறி உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். டேஷ்போர்டில் வி.ஏ. பதிவுக்கான பாரம் இன்னும் கையெழுத்தில்லாமல் கிடந்தது. டம்ளரை வைக்க அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.